வடக்குக் கரை

“இது வேணாம். வண்டில ஏறுங்க.”

மிர்சீனி அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஒரு காலை வைத்திருந்தாள். மாமனார் சராந்தோஸ் நெற்றிமேல் கையை வைத்துக் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், திரும்பிவிட்டார்.

“ஏன் மாமா? நல்லாத்தானே இருக்கு?”

“ஜெல்லி மீன்.”

கலமாக்கிக் கரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முழங்கால் ஆழத்தில் வாண்டுகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. மருந்துக்குக்கூட ஒரு ஜெல்லி மீன் அவள் கண்ணில் படவில்லை.

முந்தின நாளும் இதே கதைதான். பிளாத்திக் கரையில் வண்டியை நிறுத்தினார், இறங்கிப் பார்த்தார், “மணல் சுடும்” என்றார், கிளப்பிவிட்டார். ஆகஸ்டில் மணல் சுடாமல் என்ன செய்யும்?

மாமனாரின் தீவுக்குக் கிளம்புமுன், ஏதென்ஸில் இருந்தபோதே எந்தக் கரைக்கு என்றைக்குப் போவது என்று மிர்சீனி படம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் ஆசையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

“விடு. அப்பா ஆயுசு முழுக்கக் கப்பல்ல இருந்தவர்” என்றான் கணவன் ஃபோதிஸ். “கடலைப் பத்தி அவருக்குத் தெரியாததா?”

“கடலைப் பத்தித் தெரியும். மனுஷங்களைப் பத்தி?”

அவள் எதைச் சொல்கிறாள் என்று ஃபோதிஸுக்குத் தெரியும்.

பிப்ரவரியில் அவர்களுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. தலைப்பிரசவம். தகவல் தெரிந்து சராந்தோஸ் கப்பலேறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். “உடம்பைப் பாத்துக்கோ” என்றார். அடுத்த கப்பலில் தீவுக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை. இப்போது வந்து இறங்கியபோதும் “மீன் சாப்பிடுவியா?” என்றுதான் கேட்டார்.

கல் மனசு என்று மிர்சீனி முடிவு கட்டியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ரொட்டிக் கடை வாசலில் வண்டி நின்றது.

“இன்னிக்கு எந்தக் கரை?” என்றாள் கடைக்காரி தசூலா.

“மாவ்ரோபெத்ரா.”

தசூலா ரொட்டியைச் சுற்றுவதை நிறுத்தினாள். “வடக்குக் கரைக்கா? இந்த ஆகஸ்டு காத்துலயா? மருமகளைக் குளிக்கக் கூட்டிட்டுப் போறியா, கொடியில காயப் போடப் போறியா?”

“ரொட்டியைக் குடு.”

“உனக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கு சராந்தோஸ். ஊரே தெக்க போகுது, இவரு வடக்க போறாராம்.”

வண்டிக்குள் மிர்சீனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாவ்ரோபெத்ராவில் மணலே இல்லை. கறுப்புக் கற்கள். குடை இல்லை, கடை இல்லை, ஈ காக்கை இல்லை. வடகாற்று முகத்தில் அறைந்தது. அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

சராந்தோஸ் இறங்கினார். நெற்றிமேல் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

“இது நல்ல கரை” என்றார்.

“இதுக்கு வீட்டுக் குளியலறையே தேவலை” என்று மிர்சீனி கணவனிடம் பல்லைக் கடித்தாள். “எனக்கு எது புடிக்கும்னு ஒரு வார்த்தை கேட்டாரா உங்கப்பா?”

“மெதுவாப் பேசு.”

“எதுக்கு? அவருக்குத்தான் எதுவும் உள்ள ஏறாதே.”

அந்தக் கோபத்திலேயே விறுவிறுவென்று போய்த் தண்ணீரில் இறங்கினாள்.

தண்ணீர் சில்லென்று எலும்பைத் தொட்டது. ஓர் அலை அவளைத் தூக்கி இறக்கியது. அடுத்தது தலைக்கு மேலே போனது. கை கால் தானாக நீந்த ஆரம்பித்தன. ஒரு கட்டத்தில் வாய்விட்டுக் கத்தினாள். என்ன கத்தினாள் என்பது காற்றோடு போயிற்று. அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

வெகுநேரம் கழித்துக் கரையேறினாள். ஃபோதிஸ் ஒரு பாறை மறைவில் தூங்கிப்போயிருந்தான். தாகமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் வண்டியில் இருந்தது. மேட்டுப் பாதையில் ஏறியவள் பேச்சுக்குரல் கேட்டு வண்டிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

மண் சாலையில் ஒரு கார். சராந்தோஸ் அதை மறித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இங்க வேணாம் தம்பி. கல்லு காலைக் கிழிச்சுடும். கலமாக்கி போங்க. மணல் மெத்தை மாதிரி இருக்கும்.”

“அங்க ஜெல்லி மீன் இருக்குமா?” என்றாள் காரிலிருந்த பெண்.

“ஒண்ணுகூடக் கிடையாது.”

“அங்கதாங்க போனோம், உக்கார இடமில்ல” என்றான் ஓட்டி வந்தவன். “பரவாயில்ல, பசங்க இங்கயே விளையாடட்டும்.”

பின் கண்ணாடியில் இரண்டு சின்ன முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கையில் நீச்சல் வளையம்.

சராந்தோஸ் அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

“கீழ என் மருமக குளிச்சுக்கிட்டிருக்கா. பிப்ரவரில எங்க பேத்தி பொறந்தப்பவே போயிட்டா. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எம் பொண்ணு தண்ணில இறங்கியிருக்கு” என்றார். “குழந்தைச் சத்தம் கேக்காத கரைன்னு இந்தத் தீவுல இது ஒண்ணுதான் தம்பி இருக்கு.”