பாதிப் பூவளையம்

இங்கிலாந்தின் அந்தப் பழைய மாளிகையை முதியோர் இல்லமாக்கியபோது நடனக் கூடத்தைத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். ஈடித்தின் அறையில், கூரையில் சுண்ணச்சாந்தால் செய்திருந்த பூவளையம் தடுப்புச் சுவரில் முட்டிப் பாதியோடு நின்றது. அதில் வடித்திருந்த ஒரு பறவை சுவருக்கு அப்பால் எதையோ நோக்கி அலகை நீட்டியிருந்தது. கணவரை இழந்து வந்தவளுக்குப் படுத்தால் கண் அங்கேதான் போகும்.

ஒருநாள் மனம் கேட்காமல், மீதிப் பாதியைப் பார்க்க அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். அங்கே கூரையை வெள்ளைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள்.

“என்ன தேடுறீங்க?” என்றார் சக்கர நாற்காலியிலிருந்த ஹாவர்ட்.

“வாங்க, காட்டுறேன்.”

தன் அறைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“இதோட மீதி இத்தனை வருஷமா என் தலைக்கு மேலேயா இருக்கு?”

அவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போகச் செவிலி வந்தாள்.

“அவர் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும்” என்றாள் ஈடித்.