மாஸ்டரின் கை

டீக்கடைக்குள்ளேயே கூட்டம் நடக்கிறது. இனி உள்ளே புகை பிடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். தடை வேண்டும் என்று பேச வந்தவர்களில் பாதிப்பேர் வாசலில் ஊதிவிட்டு வந்தவர்கள், எவனை நம்புவது? நானும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். டியூப்லைட்டுக்குக் கீழே புகை கொசுவலை போலத் தொங்குகிறது. அதற்குள் டீ மாஸ்டர் இருமி இருமி டீ ஆற்றுகிறார். ஒரு பீடிகூடத் தொடாத மனுசன். நெஞ்சைப் பார்த்த டாக்டர், "சிகரெட்டை விட்டுடுங்க" என்றாராம். "எதைய்யா விடுறது, இந்த வேலையையா?" என்று என்னிடம் கேட்டுச் சிரிக்கிறார். "தடை வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்கிறார் கூட்டத் தலைவர். மாஸ்டரின் வலது கை மெல்ல மார்புவரை எழும்புகிறது. கல்லாவில் இருக்கும் முதலாளி மாஸ்டருடைய மச்சினன். "மாமா, பால் பொங்குது பாருங்க" என்கிறான். கை இறங்கிப் பால் சட்டியின் பிடியைப் பற்றிக்கொள்கிறது. பாலில் இன்னும் ஆவிகூட வரவில்லை.