நாத்தனார் முடிச்சு

முதல் முடிச்சைக் கலியபெருமாள் போட்டுவிட்டான். மற்ற இரண்டையும் நாத்தனார்தான் போட வேண்டும்.

தனகோட்டி மணப்பெண்ணின் பின்னால் குனிந்தாள். கல்யாணமாகாதவள் கை வைக்கலாமா என்று இரண்டு கிழவிகள் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளைக்கு வேறு அக்கா தங்கை கிடையாதே, என்ன செய்வது!

கயிறு விரலிலிருந்து நழுவியது.

இவள் கையிலிருந்தா நழுவுகிறது? அறுபத்திரண்டாம் வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை போட்ட முதல் சேரிப் பெண் இவள். பண்ணையாரோ கூலியாளோ, எல்லாருக்கும் ஒரே கிளாஸ் என்றாள். கிளாஸை உடைத்தார்கள். மறுநாளே புதுசு வாங்கி வைத்தாள். கூரையைக் கொளுத்தினார்கள். ஓடு போட்டாள். அடங்காப்பிடாரி என்று ஊர் பேர் வைத்தது. அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கடையில் முதல் நாளிலிருந்து மாவாட்டி வடை சுட்டவள் மீனம்பாள். கடையின் பின்கட்டில்தான் இருவருக்கும் சோறு, தூக்கம், சண்டை, சிரிப்பு எல்லாம்.

போன தை மாதம் மீனம்பாளின் அப்பா வந்து குதித்தார். அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். மீனம்பாள் சோற்றைத் தொடவில்லை. தனகோட்டிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. என் தம்பிக்குக் கொடுங்கள் என்றாள். அவன் கடையிலேயே கிடக்கிறவன். யார் பெண்டாட்டியாக இருந்தால் என்ன, அவள் செஞ்சியை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். பாவி மனசு அப்படித்தான் நினைத்தது.

இரண்டாவது முடிச்சு விழும்போது கலியபெருமாள் திரும்பினான். முகமெல்லாம் பல்.

“அக்கா, நெய்வேலில வேல கெடச்சிட்ச்சு! குவாட்டர்ஸும் தராங்களாம். நாளைக்கே இவள இட்டுக்கினு கெளம்புறேன். எல்லாம் நீ குடுத்த மனுவாலதான்க்கா.”

ஆமாம். சேரிப் பிள்ளைகளுக்கு வேலை கேட்டுக் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவள் அவள்தான். கூட்டத்தோடு கூட்டமாகத் தம்பி பேரையும் சேர்த்திருந்தாள். அதை மறந்தே போயிருந்தாள்.

மீனம்பாளின் தோள் ஒருமுறை குலுங்கியது. அவள் திரும்பவில்லை.

ஒரு கிளாஸுக்காக ஊரையே எதிர்த்து நின்றாயிற்று. இதற்கு யார் வாசலில் போய் உட்காருவது? என்னவென்று கேட்பது?

கெட்டிமேளம் இன்னும் ஓயவில்லை. மூன்றாவது முடிச்சையும் போட்டாள்.

அப்போதுதான் மீனம்பாளின் அத்தை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ஆடிப்பெருக்குக் கயிறு இன்னும் கெடக்குது? தாலி ஏறுன கழுத்துல ரெண்டு கயிறா? அறுத்துப் போடு தனகோட்டி.”

ஆடிப்பெருக்கில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது வழக்கம்தானே. யாரும் எதுவும் நினைத்ததில்லை. கோட்டைக்குள், ஆளில்லாத செட்டிகுளத்துக் கரையில், மீனம்பாள் தலைகுனிந்து நின்றது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று மூன்று முடிச்சையும் தனகோட்டியே போட்டாள். நாத்தனாருக்கு எங்கே போவது!

இப்போது விரலால் நெம்பிப் பார்த்தாள். அவிழவில்லை. அத்தனை இறுக்கிப் போட்டிருந்தாள்.

யாரோ பாக்குவெட்டியை நீட்டினார்கள்.

அறுத்தாள்.

பின்வரிசைக்காரர்கள் இன்னும் அட்சதை தூவிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அவள் தலையிலும் விழுந்தது.