அரிவாள்மூக்கியின் கிளையில் விழுந்த எச்சம்

அநியாயம் நடந்தது வளைந்த அலகுள்ள அரிவாள்மூக்கிப் பறவைக்குத்தான். அவள் செய்யாத அசிங்கத்தை அவள் தலையில் கட்டி, அடைகாத்த கூட்டைவிட்டே துரத்திவிட்டார்கள். அப்படிப் பழியைக் கட்டியவள் பக்கத்துக் கிளை நாரை.

ஏரிக்கரை மரத்தடியில் ஒரு பெண் கிளைக்கொரு வெள்ளைத்துணி விரித்து, விழுகிற எச்சத்தைக் குப்பியில் அள்ளிக்கொண்டிருந்தாள். பறவைகளின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். மீனைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று மரமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த நாரை, அதைக் கேட்டதிலிருந்து தன் கிளையில் எச்சமிடவே இல்லை. கோழிக்கடைக் குப்பையில் அவள் மேய்வது யாருக்கும் தெரியாது. அரிவாள்மூக்கி இரைக்குப் போன நேரம் பார்த்து, அவள் கிளையில் போய் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மரத்தடியில் நின்று தோழியிடம் சொன்னாள்: "அரிவாள்மூக்கி எச்சத்துல கோழிக்கழிவுக் கிருமி இருக்குடி."

மரமே கொதித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவள் நாரைதான். "எங்க குஞ்சுங்களுக்கும் ஒட்டவைக்கப் பாத்தியா? இறங்குடி கீழே!" முதல் கொத்தும் அவளுடையதே.

மூன்றாம் நாள் நாரை, முள்ளுப்புதரில் தனியே கிடந்த அரிவாள்மூக்கியைத் தேடிப்போய், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்: "அது என் எச்சம்தான்டி. மன்னிச்சிடு."

அரிவாள்மூக்கி நிமிர்ந்தாள்.

"என் முட்டையெல்லாம் ஆறிப்போச்சு அக்கா. என்னை விரட்டினப்ப மரம் முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனீங்களே, இதை மட்டும் ஏன் என் காதுல வந்து சொல்றீங்க?"