துணைக்கு வந்த ரேடியோ

காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த ஆளைப் பார்த்துத்தான் இளைய மருமகள் அதிகம் பயந்தாள்.

வந்தவள் மூத்த மருமகள். வீட்டில் பட்டப்பெயர் ரேடியோ. அவள் காதில் விழுந்தது அடுத்த நிமிஷம் தெருக்கோடிவரை ஒலிபரப்பாகிவிடும். அடுத்தவர் அலமாரியைக் குடைவதிலும் மகா கெட்டிக்காரி!

"வைரஸ் காய்ச்சல்தான். வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" டாக்டர் கேட்டார்.

சாப்பிடுகிறாள். வலிப்புக்கு. "அங்கே மூச்சு விட்டுடாதேடி, வாழ்க்கையே போயிடும்" என்று அம்மா சொல்லி அனுப்பிய ரகசியம்.

ரேடியோ நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இ... இல்லை டாக்டர்."

"அப்ப டெஸ்டுக்கு ரத்தம் மட்டும் குடுத்துட்டு வாங்க."

"நீ போயிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள் ரேடியோ.

பாவி, டாக்டரிடம் ஒரு நிமிஷம் தனியாகப் பேச விடுகிறாளா!

டாக்டர் எழுதிய மருந்து கடையில் கைக்கு வந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. இது அந்த மாத்திரையோடு ஒத்துப்போகுமா? ஏடாகூடமாகி உயிருக்கே உலை வைத்துவிட்டால்?

"போனை உள்ளே வச்சுட்டேன்க்கா" என்று புளுகிவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். நான் பொய் சொல்லிட்டேன். வலிப்பு மாத்திரை சாப்பிடறேன்."

"தெரியும்மா. வழக்கமா தர்ற ஒரு மருந்து அதோட சேரக் கூடாது. அதான் மாத்தி எழுதியிருக்கேன். காய்ச்சலாச்சேன்னு வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"உங்க அக்கா மாத்திரை அட்டையையே கொண்டுவந்து காட்டினாங்க. கல்யாணமான புதுசுலயே உங்க அலமாரியில பார்த்துட்டாங்களாம். 'அவளா வாயைத் திறந்தா மட்டும் சொல்லுங்க, இல்லேன்னா எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க'ன்னாங்க."

வெளியே வந்தவள் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ரொம்ப நன்றிக்கா."

"சரி சரி, முகத்தைத் துடை. பார்க்கறவங்க நான் உன்னை அடிச்சேன்னு நினைக்கப் போறாங்க."

வீட்டு வாசலிலேயே மாமியார் மறித்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு? ஒண்ணு விடாம சொல்லு!"

ரேடியோ செருப்பைக் கழற்றியபடி சொன்னாள்:

"வெறும் வைரஸ் காய்ச்சல்தான் அத்தை. சொல்றதுக்கு வேற ஒண்ணுமே இல்லை."