உள்ளங்கை சூப்

மிக்ஸி மூடி மேலே பறந்தது.

கூடவே சூப்பும் பறந்தது.

சுவரில், காலண்டரில், அவள் மூக்கு நுனியில், பார்த்த இடத்திலெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டது.

வெந்ததை ஆறவிட்டு அரைக்க வேண்டும் என்பது சட்னி அரைக்கப் பழகும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிறதே, வீட்டுக்காரர் சூப் குடிக்கும் நேரம் தாண்டுகிறதே என்ற பதைப்பில் புத்தி எங்கேயோ போய்விட்டது.

பொள்ளாச்சி பைபாஸில் ஓர் ஓட்டல். ஞாயிறுதோறும் உள்ளே காலெடுத்து வைத்ததும், "சென்னியப்பண்ணனுக்கு ஒரு கிரீம் சூப்" என்று சப்ளையர் குரல் கொடுத்துவிடுவான். காளான் போட்டது. கரண்டியை நட்டால் நிற்கும். குடித்து முடித்து மீசையைத் துடைக்கையில் அவர் முகத்தில் ஒரு ஜமீன் களை வரும். அவள் அதைப் பார்ப்பதற்காகவே கூடப் போவாள்.

டாக்டர் ஈவிரக்கம் பார்க்கவில்லை. ஈரலில் கொழுப்பு. எடை குறைய வேண்டும். கிரீம், வெண்ணெய் எல்லாம் வாசலோடு சரி.

அவர் சண்டை போடவில்லை.

போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வைத்ததைத் தின்றார். கை கழுவினார். எழுந்து போனார். நன்றாக இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. குறை சொல்லாத மனிதருக்கு எப்படித்தான் சமைப்பது?

அடுப்படிப் பக்கமே வருவதில்லை.

அவள் சமைக்கும்போது ருசி பார்ப்பவள் அல்ல. அம்மா வீட்டுப் பழக்கம். அடுப்பில் இருப்பதில் எச்சில் படக்கூடாது. ஆவியை முகர்ந்தே உப்பைச் சொல்லிவிடுவாள்.

அவருக்கு அதெல்லாம் கிடையாது. குழம்பு கொதித்தால் போதும், வந்து வலது உள்ளங்கையை நீட்டுவார். அவள் கரண்டியை உயர்த்தி, கையில் படாமல் கொஞ்சம் ஊற்றுவாள். ஊதுவார். நக்குவார். கண்ணை மூடி யோசிப்பார். பிறகு பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி வரும்.

"உப்பு ஒரு கல்லு பத்துல."

கல்யாணமான நாளிலிருந்து அதே தீர்ப்புதான், ஒரு கல் உப்புக் குறைவு.

டாக்டரிடம் போய் வந்த பிறகு அந்தக் கை நீளவில்லை. இனி நக்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல.

அவளும் விடவில்லை. ஒரு ஞாயிறு சோள மாவைக் கரைத்து ஊற்றினாள். ஆறியதும் அதில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். அடுத்த ஞாயிறு ஓட்ஸ். கெட்டியாகத்தான் வந்தது, ஆனால் அது கஞ்சி. காய்ச்சல்காரர் மாதிரி மூச்சைப் பிடித்துக் குடித்து வைத்தார். பாத்திரம் கழுவும்போது அவளுக்கு அழுகையே வந்தது.

இன்றைக்குக் காலிபிளவர். நாலு பூண்டுப் பல். ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடி. எண்ணெயைக் கண்ணில் காட்டாமல் ஆவியில் குழைய வேகவைத்தாள். பால் ஆடையை எடுத்துப் பூனைக்குப் போட்டாள். இந்த வைத்தியத்தில் இதுவரை சதை பிடித்தது பூனைக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் மூடி பறந்தது.

"என்னாச்சு புள்ள? கையக் கிய்யச் சுட்டுக்கிட்டயா?"

கூடத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். எத்தனை நாள் கழித்து அடுப்படிக்குள் கால் வைக்கிறார்.

"ஒண்ணுமில்லீங்க. மூடி மட்டும் போயிருச்சுங்க."

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயமில்லை என்று தெரிந்ததும், துணியை எடுத்துக்கொண்டு சுவரைத் துடைக்கப் போனார்.

அவள் மிஞ்சியதைச் சட்டியில் ஊற்றினாள். ஆடை எடுத்த பாலைக் கொஞ்சம் விட்டுக் கிளறினாள். மெத்தென்று திரண்டு வந்தது. எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் புரட்டிய காளானைப் போட்டாள். மிளகைத் தட்டிப் போட்டாள். முகர்ந்து பார்த்தாள். உப்பு ஜாடிக்குள் ஒரு முறை கையை விட்டு எடுத்துப் போட்டாள். இடது கை மூடியே இருந்தது.

பின்னால் துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் காலண்டரில் இருந்த ஒரு துளியை விரலால் வழித்து, யாரும் பார்க்கிறார்களா என்பதுபோல ஒரு பார்வை பார்த்து, வாயில் வைத்தார்.

அவள் சட்டென்று சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளறினாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கிளறினாள்.

பக்கத்தில் ஓர் உள்ளங்கை நீண்டது.

கரண்டியை உயர்த்தி ஊற்றினாள்.

ஊதினார். நக்கினார். கண்ணை மூடினார்.

"கிரீம் ஊத்தீட்டயா?"

"ஒரு சொட்டு இல்லீங்க."

நம்பாமல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடியும் கையை நீட்டினார். மறுபடியும் நக்கினார். இந்த முறை விரலிடுக்கையும் விடவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.

"உப்பு ஒரு கல்லு பத்துல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது கையை விரித்தாள்.

அந்த ஒரு கல் அங்கேதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சமையலிலும், அவர் கேட்பதற்காக, அங்கேதான் இருந்தது.

இன்று பாதி வேர்வையில் கரைந்திருந்தது. மீதியைப் போட்டாள்.