உள்ளே யாராவது இருக்காங்களா

"மூவாயிரமா? போன வாரம் என் கடைக் கதவைத் திறக்க முந்நூறுதானேய்யா வாங்கின?"

கேட்டவர், வீடு பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர். பூட்டு திறக்கிறவன் என்று என் நம்பரை அவளுக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

"உங்களுக்கு அவசரம் இல்ல சார். நூறு குறைக்கலேன்னா வீட்டுக்குப் போய் இன்னொரு சாவி எடுத்துட்டு வந்துக்கறேன்னீங்க. நானூறு சொன்னதை முந்நூறாக்குனேன்," என்றேன்.

"அதே பூட்டு. அதே கம்பி. இது கூலியா, கழுத்துல துண்டைப் போட்டு இழுக்குறதா? நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடுங்க. பக்கத்துல யாரும் இல்ல. வர அரை மணி நேரம் ஆகும்."

பையைத் தோளிலிருந்து நான் இறக்கவில்லை.

குப்பை கொட்ட வெளியே வந்திருக்கிறாள். காற்றில் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஒன்றரை வயதுக் குழந்தை. அடுப்பில் பால்.

அவள் கதவில் காதை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவிடுக்கில் தீய்ந்த வாடை.

திடீரென்று அழுகை நின்றது.

அவள் எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"சார், நீங்க பேசாம இருங்க. அண்ணே, எவ்வளவு வேணாலும் தரேன். திறங்க."

பத்தாயிரம் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பாள். அது எனக்குத் தெரியும். நான் மூவாயிரத்திலேயே நின்றேன். அதைப் பெரிய மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

திறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கதவுக்குப் பின்னால், அவளுடைய செருப்பைக் கட்டிக்கொண்டு, குழந்தை அழுத களைப்பில் தூங்கிப்போயிருந்தது. வீடெல்லாம் புகை. அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பால் பாத்திரம் கரியாகியிருந்தது.

பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தாள். படி இறங்கியவனை மறுபடி கூப்பிட்டாள். இடுப்பில் குழந்தை இருந்தது.

"போனை எடுத்ததும் உள்ள யாராவது இருக்காங்களான்னுதானேண்ணே முதல்ல கேட்டீங்க? அந்த அக்கறை யாருக்கு வரும்? நல்லா இருக்கணும் நீங்க."

பக்கத்து வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

பன்னிரண்டு வருடமாகப் போனில் எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது அதுதான்.

யாரும் இல்லை என்றால் முந்நூறு, நானூறு.

அவள் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள்.